புல்தரையில் மேலெழும் சிறு விமானங்கள்: விபத்துக்குக் காரணம் புல்லா, கணக்கா?

சுபாங்ஜெயா வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் தனியார் விமானி உரிமம் பெறுவதற்காக அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குப் போகவிருக்கிறான். அவன் சேரவிருக்கும் பயிற்சிக் கழகத்தில் தார் ஓடுபாதையே கிடையாது. வெட்டிச் சீராக்கிய புல்தரையில்தான் ஏறுவதும் இறங்குவதும். சுபாங்கின் 3,780 மீட்டர் ஓடுபாதையையே பார்த்துப் பழகிய எங்கள் குடும்பத்தாருக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அக்காளுக்கு ஆறுதல் சொல்லலாம் என்று விபத்து விசாரணை அறிக்கைகள் சிலவற்றைத் தேடிப் படித்தேன். படித்தபின் எனக்கே ஆறுதல் தேவைப்பட்டது. எஞ்சினில் கோளாறு இல்லை, வானம் தெளிவாக இருந்தது, விமானிக்கு அனுபவம் உண்டு. அப்படியிருந்தும் விமானம் தரையை விட்டுச் சற்றே எழும்பி, அதற்குமேல் ஏற முடியாமல், எல்லை வேலியிலோ மரத்திலோ போய் மோதியிருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஒரு விமானம் ஏன் மேலே ஏறுவதில்லை? இதில் புல்லின் பங்கு என்ன? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பறக்கும் கணக்கர்:

நண்பரே, பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறேன், வார இறுதியில் சிறு விமானம் ஓட்டுகிறேன். ஆகவே எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.

பயிற்சிக் கழகங்களில் பரவலாக உள்ள செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில், 15 பாகை வெப்பத்தில், காற்று வீசாத நாளில், உச்ச எடையான 1,157 கிலோவுடன் தார்ப்பாதையில் ஓடத் தொடங்கி 50 அடி உயரத்தைத் தொடுவதற்கு அதற்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு தரும் இந்த எண், நல்ல நிலையில் உள்ள எஞ்சினும் தேர்ந்த சோதனை விமானியின் கையும் சேர்ந்து ஈட்டியது. இருபது முப்பது ஆண்டு உழைத்த கழக விமானத்தை ஒரு மாணவன் ஓட்டும்போது அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறு விமானிகளுக்கென வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்பேட்டில் இந்தத் தூரத்தை எந்தெந்த நிலையில் எதனால் பெருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். வெப்பம் 10 பாகை கூடினால் 1.1, உறுதியான மண்ணில் காய்ந்த புல் என்றால் 1.2, ஈரப் புல் என்றால் 1.3, பாதை 2 விழுக்காடு மேட்டை நோக்கி ஏறினால் 1.1, விமானத்தின் எடை 10 விழுக்காடு கூடினால் 1.2. கடைசியாக, எல்லாவற்றின் மேலும் 1.33 என்ற பாதுகாப்புக் காரணி. நம் ஊர் மதிய வெப்பமான 33 பாகையில் ஈரப் புல்லில், சற்றே மேடான பாதையில் இதே செஸ்னாவை ஓட்டுவதாக வைத்துக்கொண்டால் 500 மீட்டர் முதலில் 595 ஆகிறது, ஈரப் புல் அதை 774 ஆக்குகிறது, மேடு 850க்குக் கொண்டுபோகிறது, பாதுகாப்புக் காரணியோடு 1,130 மீட்டரில் வந்து நிற்கிறது. உங்கள் மருமகன் பறக்கப்போகும் நாட்டின் குளிர்ந்த காலையில், சமதரையில், ஈரப் புல்லில் மட்டும் என்றாலும் காரணியையும் சேர்த்து 865 மீட்டர் வேண்டும். அங்கே 600 மீட்டருக்கும் குறைவான பண்ணை ஓடுபாதைகள் பல உண்டு. அறிக்கைகளில் நீங்கள் கண்ட வேலி இந்த 600க்கும் 865க்கும் இடையில்தான் நிற்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

கணக்கர் ஐயா, ஓர் ஐயம். 19, 30, 10, 33 என்ற விழுக்காடுகளைக் கூட்டினால் 92 வருகிறது. அப்படியானால் 960 மீட்டர் போதுமே. 1,130 எங்கிருந்து வந்தது?

செந்தூல் ஆசிரியர்:

இதற்கு நான் விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஐந்தாம் படிவத்துக்கு இயற்பியல் நடத்துபவன். காரணிகளைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும், அம்மா. வெப்பத்தால் ஓட்டம் ஏற்கெனவே 595 மீட்டராக நீண்டுவிட்டது. புல் தன் 30 விழுக்காட்டை அந்த 595 மீட்டர் முழுவதிலும் வசூலிக்கும், பழைய 500 மீட்டரில் அன்று. அடுத்து வரும் மேடும் அப்படியே. கூட்டுவதற்கும் பெருக்குவதற்கும் உள்ள வேறுபாடு இங்கே 170 மீட்டர். ஓடுபாதையின் கோடியில் 170 மீட்டர் என்பது மரத்துக்கு மேலே போவதா, மரத்துக்குள்ளே போவதா என்பதைத் தீர்மானிக்கும் தூரம்.

புல் என்ன செய்கிறது என்ற மூலக் கேள்விக்கு வருகிறேன். உருளும் சக்கரத்தைத் தரை பின்னுக்கு இழுக்கிறது. கெட்டியான தார்ப்பாதையில் இந்த இழுவை விமானத்தின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. குட்டையாக வெட்டிய கெட்டிப் புல்தரையில் 5. நெடிதாக வளர்ந்த புல்லில் 10. சேறான தரையில் அதற்கும் மேல். 1,157 கிலோ எடையுள்ள விமானத்தைத் தார்ப்பாதை 23 கிலோ விசையால் பிடித்திழுக்கிறது என்றால், நெடும்புல் 116 கிலோ விசையால் இழுக்கிறது. மழை பெய்த திடலில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு இதைக் கால்களே சொல்லும். விமானியின் கால்களுக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை; எஞ்சின் வழக்கம்போல் முழங்குகிறது, இருக்கை வழக்கம்போல் அதிர்கிறது, வேகமானியின் முள் மட்டும் சற்றுத் தாமதமாக நகர்கிறது.

சக்கரம் தரையை விட்ட பிறகும் ஏன் ஏறுவதில்லை என்பது இதைவிட நுட்பமானது. இறக்கைக்கும் தரைக்கும் இடையிலான உயரம் இறக்கை அகலத்தைவிட, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையுள்ள நீளத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை இறக்கை முனைகளில் காற்று சுழல்வது தடைப்படுகிறது. அதனால் காற்றின் இழுவை குறைகிறது. விமானிகள் இதைக் கிரவுண்டு எஃபெக்ட் என்பார்கள். இறக்கை அகலத்தில் கால் பங்கு உயரத்தில் அந்த வகை இழுவை ஏறக்குறைய 24 விழுக்காடு குறைகிறது, பத்தில் ஒரு பங்கு உயரத்தில் 48 விழுக்காடு. 11 மீட்டர் இறக்கை கொண்ட செஸ்னாவில் கால் பங்கு என்பது மூன்று மீட்டருக்கும் குறைவு. அந்த உயரத்துக்குள் இருக்கும்வரை, பறப்பதற்குத் தகுதியான வேகம் வராத விமானமும் மிதந்துகொண்டிருக்கும். விமானி ஏறிவிட்டோம் என்று நம்பி மூக்கை இன்னும் உயர்த்துகிறார். உயரம் கூடக்கூடத் தரை தந்த சலுகை பறிபோகிறது, இழுவை மீண்டும் கூடுகிறது, அதை வெல்லும் உபரி விசை எஞ்சினிடம் இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் விமானம் ஏறவில்லை என்று அறிக்கைகள் சொல்வது இந்த நிலையைத்தான்.

பாயான்பாரு மெக்கானிக்:

ஆசிரியரின் விளக்கம் அருமை. ஆனால் ‘எல்லாம் சரியாக இருந்தும்’ என்ற சொற்றொடரை என்னால் விழுங்க முடியவில்லை. பினாங்கில் விமானப் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எஞ்சின் நிற்கவில்லை என்பதும் எஞ்சின் முழு விசையைத் தந்தது என்பதும் ஒன்றல்ல. நின்ற நிலையில் முழுத் திறப்பில் வைத்தால் 172எஸ்ஸின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,300 முதல் 2,400 சுற்று காட்ட வேண்டும். 2,250 காட்டினால் காதுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. தார்ப்பாதையில் விமானம் எழும்பியும் விடும். புல்லில்தான் அந்தக் குறை வெளிப்படும். அதனால் புல்தரையில் புறப்படுவதற்கு முன் சுற்றுமானியைப் பார்ப்பதை நான் சடங்காகக் கருதுவதில்லை.

பழைய செஸ்னா 152 போன்றவற்றில், எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரெட்டர் உண்டு. ஈரக் காற்றில், குறைந்த விசையில், நீண்ட புல்வழியே மெதுவாக ஊர்ந்து புறப்பாட்டு முனைக்கு வருவதற்குள் அதனுள்ளே பனிக்கட்டி படிந்துவிடலாம். வெளியே வெப்பம் 20 பாகை இருந்தாலும் உள்ளே படியும், ஏனெனில் எரிபொருள் ஆவியாகும்போது அங்கே வெப்பம் சடாரென்று வீழ்கிறது. புறப்படுவதற்குச் சற்று முன்பு கார்புரெட்டர் வெப்பக் குமிழை இழுத்து, சுற்று குறைந்து மீண்டும் ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு அதை உள்ளே தள்ளிவிட்டுப் போக வேண்டும். தள்ள மறந்தால் சூடான காற்றே உள்ளே போய் விசை இன்னும் குறையும். விபத்துக்குப் பின் பிரித்துப் பார்த்தால் பனிக்கட்டி உருகிப் போயிருக்கும். எஞ்சினில் கோளாறு எதுவும் காணப்படவில்லை என்றே எழுதுவார்கள்.

இன்னொன்று, சின்னதாகத் தோன்றும். செஸ்னாவின் இருக்கை தண்டவாளத்தில் நகர்ந்து பூட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. பூட்டு முள் தேய்ந்திருந்தால், குண்டும் குழியுமான புல்தரையில் விமானம் வேகமெடுக்கும்போது இருக்கை பின்னோக்கி வழுக்கும். கையில் இருக்கும் கட்டுப்பாட்டு வளையமும் கூடவே இழுபடும். மூக்கு செங்குத்தாக எழும். இப்படி உயிர்கள் போனதால்தான் அமெரிக்க அதிகாரிகள் அந்தத் தண்டவாளங்களைக் காலமுறைப்படி சோதிக்கும்படி ஆணையே பிறப்பித்தார்கள். உங்கள் பிள்ளை அமர்ந்ததும் இருக்கையை முன்னும் பின்னும் பலமாக உலுக்கிப் பார்க்கட்டும்.

ஜார்ஜ்டவுன் பந்து ரசிகன்:

புல்லைப் பற்றிய இழையில் பனிச்சேற்றைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், ஆனால் தரை வேகத்தைத் திருடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1958 பிப்ரவரி 6ஆம் நாள் மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்களை ஏற்றிய விமானம் மூன்றாவது முறையாகப் புறப்பட முயன்றபோது வேகம் 117 நாட் வரை ஏறியது (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்). பாதையின் கோடியில் யாரும் தொடாமல் கிடந்த பனிச்சேற்றில் நுழைந்ததும் 105க்கு இறங்கிவிட்டது. 23 பேர் இறந்தனர். இறக்கையில் பனி படிந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று விமானியின் மேல் பழி போட்டார்கள். அது தவறு, சேறுதான் காரணம் என்று பிரிட்டிஷ் விசாரணை ஒன்று ஏற்றுக்கொள்ளப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

நான் சொல்ல நினைத்ததும் இதுவே. தரை கெட்டது, எஞ்சின் தளர்ந்தது, மரம் வளர்ந்தது. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் விமானிதான் நிற்கிறார். இவ்வளவு ஆபத்தான புல்தரைகளை மூடிவிட்டு எல்லா இடத்திலும் தார் போட்டால் என்ன?

பறக்கும் கணக்கர்:

வாசகி அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, தீர்வில் இல்லை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் நோக்கம் விபத்தைத் தடுப்பதே அன்றிப் பழி சுமத்துவது அன்று என்கிறது. நம் போக்குவரத்து அமைச்சின் கீழ் இயங்கும் வான் விபத்து விசாரணைப் பிரிவும் அதே அடிப்படையில்தான் அறிக்கை எழுதுகிறது. அந்த நோக்கத்தோடு படித்தால், விமானியின் முடிவைக் குறிப்பிடுவது அடுத்தவர் அங்கே வேறு முடிவு எடுக்க வேண்டும் என்பதற்காகவே.

புல்லுக்கும் நன்மைகள் உண்டு. டயர் தேய்வது குறைவு. பக்கக் காற்றில் இறங்கும்போது சக்கரத்தின் மேல் விழும் பக்க விசையைப் புல் சற்றே வழுக்கித் தணிக்கிறது. அகன்ற புல்வெளியில் காற்று வரும் திசைக்கேற்பப் பாதையை அமைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் சிறு விமானத் திடல்கள் பல புல்தரையில்தான் இயங்குகின்றன. தார் போடும் செலவை எந்தச் சிறு கழகமும் தாங்காது. தாங்காத கழகம் மூடப்படும், பயிற்சி விமானி உருவாக மாட்டார்.

என் கருத்து இதுதான்: புல்லில் நேரும் விபத்துகளில் பெரும்பாலானவை சக்கரம் உருளுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. நேற்று இதே பாதையில் எழும்பினோம் என்பதே இன்றைய கணக்கு ஆகிவிடுகிறது. நேற்று தனியாகப் பறந்தவர், இன்று இரண்டு நண்பர்களோடு, டாங்கு நிறைய எரிபொருளோடு, இரவு பெய்த மழையின் மேல் புறப்படுகிறார். விமானமும் பாதையும் நேற்று இருந்தவைதான், கணக்கு மட்டும் நேற்றையது அன்று. இதற்கு மருந்து மிக எளிது. பாதையின் பாதித் தூரத்தில் ஒரு குறியை மனத்தில் கொள்ள வேண்டும். அந்த இடத்தை அடையும்போது எழும்பும் வேகத்தில் 70 விழுக்காடு வரவில்லை என்றால், யோசிக்காமல் விசையைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். 55 நாட்டில் எழும்பும் விமானத்துக்கு அது 38 அல்லது 39 நாட்.

செந்தூல் ஆசிரியர்:

இந்த விதியை நானும் அறிவேன். ஆனால் அதை அப்படியே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு மறுப்பு உண்டு. முடுக்கம் மாறாமல் இருந்தால் வேகத்தின் வர்க்கம் தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். 0.7இன் வர்க்கம் 0.49, அதாவது பாதி. ஆகவே பாதித் தூரத்தில் 70 விழுக்காடு என்பது, பாதையின் கடைசி முழத்தில் சக்கரம் தரையை விடும் என்பதற்கு மட்டுமே உறுதி. கோடியில் 15 மீட்டர் உயர மரவரிசை நின்றால் இந்த விதி அதைத் தாண்ட உதவாது. மேலும் வேகம் கூடும்போது புரொபெல்லரின் இழுவிசை குறைகிறது, காற்றின் எதிர்ப்பு கூடுகிறது. முடுக்கம் மாறாமல் இருக்கும் என்ற அடிப்படையே தாராளமானது.

நிறுத்தும் பக்கத்தையும் பாருங்கள். 38 நாட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். வினாடிக்கு 3 மீட்டர் வீதம் வேகம் தணிந்தால் நிற்பதற்கு 65 மீட்டர் சொச்சம்; ஈரப் புல்லில் பிரேக் பாதிதான் பிடித்தது என்றால் அதுவே 130 ஆகும். விமானி முடிவெடுக்கத் தயங்கும் இரண்டு நொடியில் மேலும் 40 மீட்டர் கழிந்துவிடும். வேகம் இன்னும் ஏறிய பிறகு, முக்கால் தூரத்தில் மனம் மாறினால் நிற்பதற்கு இடமிருக்காது.

பறக்கும் கணக்கர்:

ஆசிரியர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். மரம் உள்ள பாதையில் பாதிக்கு வெகு முன்பாகவே, மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் குறியை வைத்துக்கொள்வதுதான் முறை. விதியின் பயன் அதன் துல்லியத்தில் இல்லை. நிறுத்தும் முடிவை உட்கார்ந்த இடத்தில், இதயம் சாதாரணமாகத் துடிக்கும்போதே எடுத்து வைத்துவிடுகிறது, அதுதான் பயன். ஓடத் தொடங்கியபின் மனிதனுக்கு நப்பாசை வந்துவிடும்.

மரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: நம் செம்பனைத் தோட்டங்களைப் போல இருபுறமும் மரம் சூழ்ந்த பாதையில், கீழே காற்றின் திசையைக் காட்டும் காற்றுப்பை அசையாமல் தொங்கலாம், மரத்தின் உச்சிக்கு மேலே பின்காற்று வீசிக்கொண்டிருக்கலாம். 172எஸ் கையேட்டின்படி ஒவ்வொரு 2 நாட் பின்காற்றுக்கும் தூரம் 10 விழுக்காடு கூடும். மர உச்சியைத் தொடும் நேரத்தில் திடீரென்று அந்தக் காற்றில் நுழைவது பலருக்குக் கடைசி வியப்பாகியிருக்கிறது.

பட்டர்வொர்த் மூத்தவர்:

பிள்ளைகள் எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நம் நாட்டு வான்படையின் பிறப்பே குட்டைப் பாதையோடு பிணைந்தது என்பதை நினைவூட்டலாம் என்று வந்தேன். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களோடு மோதிய அவசரகாலத்தில் காட்டுக் கோட்டைகளுக்கு ஆளும் அரிசியும் கொண்டுபோக, மலைச்சரிவில் வெட்டிய சின்னஞ்சிறு தரைகளில் ஸ்காட்டிஷ் ஏவியேஷன் நிறுவனத்தின் பயனியர் விமானங்கள் இறங்கின. 1958 ஏப்ரலில் மலாயாவின் வான்படைக்கு வந்த முதல் விமானமும் அதே நிறுவனத்தின் ட்வின் பயனியர்தான். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு லாங் ராஜாவாலி என்று பெயரிட்டார். அகன்ற இறக்கையும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடியும் ஃபிளாப்கள் எனும் பெரிய பலகைகளும் கொண்டு, மெதுவான வேகத்திலேயே எழும்பும்படி செய்யப்பட்டது அது. புல்தரைக்கு ஏற்ற விமானம் என்று ஒன்று உண்டு. எல்லா விமானமும் அது ஆகிவிடாது.

அதற்கும் முந்திய கதை ஒன்று. 1926 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கின் ரூஸ்வெல்ட் திடலில், முதல் உலகப்போரில் புகழ்பெற்ற பிரெஞ்சு விமானி ரெனே ஃபோங்க் அட்லாண்டிக் கடலைக் கடக்க அளவுக்கு மீறிய சுமையோடு புறப்பட்டார். விமானம் எழும்பவே இல்லை. பாதையின் முடிவில் சரிந்து தீப்பற்றியது, நால்வரில் இருவர் மாண்டனர். எட்டே மாதம் கழித்து, 1927 மே 20 அன்று, அதே திடலில் மழையில் ஊறிய தரையில் 1,700 லிட்டர் எரிபொருளோடு, அதே கடலைத் தனியாகக் கடக்க லிண்ட்பெர்க் ஓடினார். கோடியில் இருந்த தந்திக் கம்பிகளை 6 மீட்டர் இடைவெளியில் தாண்டினார். உலகம் லிண்ட்பெர்க்கைக் கொண்டாடுகிறது. எனக்கு ஃபோங்க்தான் அதிகம் கற்றுக்கொடுக்கிறார். லிண்ட்பெர்க்கைக் காப்பாற்றிய அந்த 6 மீட்டரை நம்பி யாரும் பயிற்சிக் கழகம் நடத்த முடியாது.

சுபாங்ஜெயா வாசகன்:

இவ்வளவு விரிவாக விளக்கியமைக்கு அனைவருக்கும் நன்றி. அக்காளுக்கு ஒரு பகுதியை வாசித்துக் காட்டினேன். ‘அவன் முதல் நாள் அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டு வை’ என்றார்.

பாயான்பாரு மெக்கானிக்:

அக்காள் கேட்டதுதான் சரியான கேள்வி. முதலில் பாதையின் முழு நீளத்தையும் அவன் நடந்து பார்க்கட்டும். குதிகாலை அழுத்தினால் தரை எவ்வளவு உள்வாங்குகிறது, புல் சக்கரத்தின் எந்த உயரம் வரை வருகிறது, பள்ளம் எங்கே, நீர் தேங்கும் இடம் எங்கே என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும். புல் சக்கர விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் வெட்டும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். மூக்குச் சக்கரம் உள்ள விமானத்தை மென்தரையில் ஓட்டும்போது கட்டுப்பாட்டை நன்றாகப் பின்னுக்கு இழுத்து அந்தச் சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அதைக் கற்றபின், சக்கரம் தரையை விட்டதும் உடனே மூக்கைத் தாழ்த்தி, தரையை ஒட்டியே பறந்து வேகம் சேர்த்து, அதன்பின் ஏறுவதையும் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். முதல் பாதியை மட்டும் கற்றவர்களின் விமானங்கள்தான் எங்கள் கொட்டகைக்கு வந்து சேரும்.

பறக்கும் கணக்கர்:

எடையையும் கேட்கச் சொல்லுங்கள். 172எஸ்ஸின் டாங்குகள் 212 லிட்டர் கொள்ளும், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் அது 153 கிலோ. ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பாதி டாங்கே போதுமானதற்கு மேல். உச்ச எடையில் புறப்படும் விமானத்தில் அப்படி 76 கிலோவைக் குறைத்தாலே மேலெழும் தூரம் பன்னிரண்டு, பதின்மூன்று விழுக்காடு குறைகிறது. காய்ந்த புல் கூட்டிய தூரத்தில் பாதிக்கும் மேல் திரும்பக் கிடைத்துவிடும். ‘இன்றைக்கு எவ்வளவு எரிபொருள், ஏன் அவ்வளவு?’ என்று அவன் கேட்கும்போது பயிற்றுநர் எரிச்சல்படாமல் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினால், அந்தக் கழகத்தில் பணம் கட்டலாம்.